அலமாரிக்குள் இருந்த ஆதாரம்

லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்குப் போனில் பதில் சொல்வதுதான் டெராவுக்குச் சம்பளம் தரும் வேலை. யாராவது இரண்டு மாடிக்கு நடுவில் தொங்கிக்கொண்டு மணியை அழுத்தினால் இவர் போனை எடுத்து, "ஆள் கிளம்பியாச்சு சார், பத்தே நிமிஷம்" என்பார். ஆள் கிளம்பியிருக்க மாட்டார். சில சமயம் ஆளே இருக்க மாட்டார். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தை டெரா சொல்லும் தோரணையில் ஒரு விஞ்ஞானம் இருக்கும். போக்குவரத்து நெரிசல், கயிற்றின் நீளம், மாட்டிக்கொண்டவரின் உடல் எடை எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கி வகுத்து எடுத்த பத்து மாதிரி இருக்கும்.

இப்படிப்பட்ட திறமையை ஒரு லிஃப்ட் கம்பெனிக்குள் முடக்கிப் போடலாமா? கூடாது என்றுதான் அவர் 'உள்ளே என்ன இருக்கு' என்ற வீடியோ சேனலைத் தொடங்கினார். இன்னும் வெளிவராத கேம் கன்சோல்களின் வயிற்றுக்குள் என்ன இருக்கும் என்பதை வெளியில் நின்றபடியே சொல்வது சேனலின் தொண்டு. என்ன சிப், எவ்வளவு நினைவகம், பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், நொடிக்கு எத்தனை லட்சம் கோடிக் கணக்குப் போடும். அந்த லட்சம் கோடிக்கு டெராஃப்ளாப் என்று பெயர். மூச்சு விடும் இடத்திலெல்லாம் அவர் அந்தச் சொல்லைப் போட்டதால் பார்வையாளர்கள் அவரை டெரா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பிறகு அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். கடைசியில் பால் போடுகிறவரும் கூப்பிட்டார். பெற்றோர் வைத்த பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும் உயிரோடிருந்தது.

இவ்வளவு தெரிந்த மனிதர் கேம் ஆடுவாரா என்றால், ஆட மாட்டார். வீட்டிலிருந்த பழைய கையடக்கக் கன்சோலை எப்போதாவது எடுத்தால், திரையின் மூலையில் ஓடும் எண்ணை மட்டும் பார்ப்பார். நொடிக்கு எத்தனை படம் நகர்கிறது என்று சொல்லும் எண் அது. அறுபதிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு இறங்கினால் இழவு விழுந்த வீடு மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். அதே நேரத்தில் கதாநாயகன் பள்ளத்தில் விழுந்து செத்திருப்பான். அது இவருடைய துறை இல்லை. அந்தக் கன்சோலில் நிஜமாகவே ஆடியது அவர் மனைவிதான். பஸ்ஸில் இடம் கிடைத்தால் உட்கார்ந்தும் கிடைக்காவிட்டால் கம்பியில் சாய்ந்தும் கட்டம் அடுக்கி, வேலைக்குப் போகும் வழியிலேயே நாலைந்து உலகங்களைக் காப்பாற்றிவிடுவாள்.

அவள் பை தைக்கும் பட்டறை ஒன்றில் கட்டிங் மாஸ்டர். காய்கறிப் பை இல்லை. கேமரா, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, கேம் கன்சோல் என்று ஒவ்வொன்றுக்கும் தோல் மாதிரி ஒட்டிப் பொருந்தும் உறைகள். புதிய கன்சோல் கடைக்கு வரும் அன்றே அதன் பையும் வந்தாக வேண்டும் என்பதால், கன்சோல் கம்பெனி அளவுகளை மட்டும் முன்கூட்டியே அனுப்பும். பட்டறையில் அந்த அளவுக்கு ஒரு மரக்கட்டையை இழைத்துக் கறுப்பு வண்ணம் பூசி, அதற்குப் பை வெட்டிப் பார்ப்பார்கள். கட்டை பட்டறையை விட்டு வெளியே போகக் கூடாது, வேலை முடிந்ததும் உடைத்துவிட வேண்டும், யாரும் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. ஒப்பந்தம் அப்படி.

அவள் வாய் திறக்கவும் இல்லை. டெராவும் கேட்டதில்லை.

"எங்கிட்ட எதுவும் சொல்லிடாத" என்பார், சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து கையை உயர்த்தி. "நீ சொல்லி நான் தெரிஞ்சுக்கிட்டா நான் வெறும் ரகசியம் கசிய விடுறவன் ஆயிடுவேன். நான் ஆய்வாளன்."

"நான் சொல்றதா யாருங்க சொன்னது? தட்டை நகர்த்துங்க, குழம்பு ஊத்தணும்."

அந்தச் சனிக்கிழமை பட்டறையில் மின்சாரம் போய்விட்டது. திங்கட்கிழமை மாதிரிப் பை போயாக வேண்டும். உள்தையல் பாக்கி. முதலாளி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, கட்டிங் மாஸ்டர் கட்டையைத் துண்டில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்தாள். ஞாயிறு காலை கணவனின் சட்டைகளை இஸ்திரி போட்டு அலமாரியில் அடுக்கி, அவற்றுக்கு நடுவில் கட்டையைச் செருகிவிட்டு நூல்கண்டு வாங்கக் கடைக்குப் போனாள்.

டெரா சட்டை எடுக்கப் போனார்.

துண்டுக்குள் இருந்ததைப் பார்த்ததும் அவருக்கு உள்ளங்கால் கூசியது. கறுப்பாக, பளபளப்பாக, இரண்டு கைக்கும் அடங்குவதாக ஒரு பொருள். அதை எடுத்துப் படுக்கையின் மேல் வைத்து, கதவைத் தாழிட்டு, மகளின் ஜியாமெட்ரி பெட்டியிலிருந்து ஸ்கேலை எடுத்து அளந்தார். அகலம், உயரம், கனம். பிறகு திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் வரிசையாக எட்டு நீளத் துளைகள்.

'காற்றுத் துளை!' என்று மனசுக்குள் ஒருவர் கைதட்டினார். எட்டுத் துளை என்றால் உள்ளே பெரிய மின்விசிறி. பெரிய மின்விசிறி என்றால் பெரிய வெப்பம். பெரிய வெப்பத்தைச் சின்னச் சிப் தருமா? சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தார். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. எடையில் பாதி பேட்டரி என்றே வைத்துக்கொண்டாலும் அம்மாடியோ! அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தார். பொருள் வெதுவெதுப்பாக இருந்தது.

'அணைச்சு வெச்சிருக்கும்போதே சூடா!'

ஆன் செய்யும் பட்டனைத் தேடினார். இல்லை. திரை எங்கே என்று பார்த்தார். அதுவும் இல்லை. இவை அவருடைய நம்பிக்கையை அசைக்கவில்லை, இன்னும் ஆழமாக நட்டன. பட்டனையே மறைத்துவிட்டார்கள் என்றால் எவ்வளவு பெரிய ரகசியம்! மனைவி தன்னிடம் சொல்லாததிலும் ஓர் அன்பைக் கண்டார். ஆய்வாளனின் கற்பைக் காப்பாற்றத்தான் சட்டைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள், மகராசி. பொருளைப் பழையபடி துண்டில் சுற்றிவைத்துவிட்டு மதிய ஷிஃப்ட்டுக்குக் கிளம்பினார்.

வேலையில் உட்கார்ந்தவுடன் முதல் மணி. பல் டாக்டர். அந்தக் கோபுரக் கட்டடத்தில் கிளினிக் வைத்திருக்கும் அவர் மாதத்துக்கு ஒரு முறையாவது லிஃப்ட்டில் மாட்டுவார். அதோடு டெராவின் பரம ரசிகர். மாட்டிக்கொள்வதற்கென்றே ஏறுகிறாரோ என்று டெராவுக்கு ஒரு சந்தேகம் உண்டு.

"டெரா சார், இருபத்து நாலாவது மாடி. கதவு பாதி திறந்து நிக்குது."

"ஆள் கிளம்பியாச்சு டாக்டர், பத்தே நிமிஷம். இன்னிக்கு சாயங்காலம் சேனலைப் பாருங்க. பூகம்பம்."

"புதுக் கையடக்கமா? டிவியில மாட்டுற பெரிய மெஷினைத் தொடுமா சார்?"

"தொடுறதா? தாண்டி நின்னு திரும்பிப் பாக்கும்!"

"கையில பிடிக்கிற சாமானுக்கு அவ்ளோ சக்தியா? சுடாதா?"

"சுடும்" என்றார் டெரா, தொட்டுப் பார்த்தவனின் கம்பீரத்தோடு. "அதைப் பத்தி இப்ப பேச முடியாது."

அவர் பேச்சைக் கேட்பவர்கள் பலர் உண்டு. எழுந்து போக முடியாத கேட்பவர் பல் டாக்டர் ஒருவர்தான். மெக்கானிக் போய்ச் சேரும்வரை பேசினார்.

மாலையில் கூடத்தில் படப்பிடிப்பு. போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது மச்சான், மனைவியின் தம்பி. போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுச் சாப்பாட்டுக்கு அவன் கொடுக்கும் விலை இந்தக் கேமரா வேலை.

"நண்பர்களே" என்று ஆரம்பித்தார் டெரா. நேரலை. "இதுவரைக்கும் ஊகம். இன்னிக்கு ஆதாரம். என் ஆதாரம் ஒரு அலமாரிக்குள்ள இருக்கு. அதுக்கு மேல கேக்காதீங்க."

பிறகு அகலத்தைச் சொன்னார். உயரத்தைச் சொன்னார். கனத்தைச் சொன்னார். மில்லிமீட்டர் சுத்தமாக.

சமையலறையில் ஒரு கரண்டி கீழே விழுந்தது.

"பின்னாடி எட்டுக் காற்றுத் துளை. எடை ஒரு கிலோவை ஒட்டி. அணைச்சு வெச்சாலே சூடு. இதையெல்லாம் வெச்சுப் பாத்தா, நண்பர்களே, வரவேற்பறையில இருக்கிற பெரிய மெஷினைவிட ஒன்றரை மடங்கு டெராஃப்ளாப்!"

"அத்தான், அது கையடக்கமா, இஸ்திரிப் பெட்டியா?" என்றது கேமரா.

"நீ பிடிக்கிற வேலையை மட்டும் பாரு. கேள்வி வந்திருக்கா?"

"நினைவகம் எவ்வளவுன்னு ஒருத்தர் கேக்குறார்."

நினைவகத்தை எடைபோட டெராவுக்கு வழியில்லை. மதியம் பல் டாக்டர் சொல்லி நாக்கில் ஒட்டிக்கொண்ட எண் தானாக உருண்டு வந்தது. "இருபத்து நாலு ஜிபி."

அதற்குள் சமையலறைக் கதவில் மனைவி வந்து நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் மச்சான் தானாகவே போனை அணைத்தான். அக்காவின் முகத்தைப் படிப்பதில் அவனுக்குச் சிறு வயதிலிருந்தே பயிற்சி உண்டு.

"என் சட்டைக்கு அடியில..." என்று தொடங்கினார் டெரா, பாராட்டை எதிர்பார்த்து.

"அது மரக்கட்டைங்க."

"கம்பெனிக்குள்ள சோதனைக்குச் செய்ற மாதிரி எல்லாம் அப்படித்தான் கனமா..."

"மரம். மரத்துல செஞ்ச கட்டை."

"அப்ப துளை?"

"நான் போட்டது. பை இறுக்கமா இருக்கு, கட்டை வெளிய வர மாட்டேங்குது. கொக்கி மாட்டி இழுக்கத் துளை போட்டேன்."

டெரா கடைசித் துரும்பைப் பிடித்தார். "ஆனா சூடா இருந்துச்சே?"

"உங்க சட்டைய இஸ்திரி போட்டு அதுக்கு நடுவுலதான வெச்சேன்!"

மச்சான் சோபாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தோள் குலுங்கியதைப் பார்த்தால் அழுகிற மாதிரிதான் இருந்தது.

அக்காவின் குரலில் சிரிப்பு இல்லை. "அந்த அளவு பை தைக்கிற பட்டறைகளுக்கு மட்டும்தான் தெரியும். கம்பெனிக்காரங்க நாளைக்கே வந்து நிப்பாங்க. ஆர்டர் போயிடும், என் வேலை போயிடும். அங்க பாதிப் பேருக்கு இந்த ஆர்டர்தான் சோறு. முதல்ல வீடியோவைச் சேனல்லேர்ந்து எடுங்க."

எடுத்தார். எடுத்ததுதான் வினையாகிவிட்டது. இருந்தவரை அது டெராவின் இன்னொரு வீடியோ. எடுத்தபின் 'மிரட்டி நீக்கப்பட்ட வீடியோ'. யாரோ சேமித்து வைத்திருந்த பிரதியை ஊரே பகிர்ந்துகொண்டது. சேனலைத் தொடங்கிய நாளிலிருந்து அவர் ஏங்கிய புகழ் அன்று வந்தது. அனுபவிக்க முடியவில்லை.

கன்சோல் கம்பெனியின் அதிகாரி அம்மாள் செவ்வாய்க்கிழமை வந்தார். மடிக்கணினி, கண்ணாடி, எதற்கும் அசையாத முகம். ரகசியங்களைக் காப்பது அவர் வேலை. பட்டறையின் வெட்டு மேசையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தார்கள். முதலாளி வியர்த்துக்கொண்டிருந்தார். கட்டையை முந்தைய நாளே மனைவி சுத்தியலால் உடைத்திருந்தாள். தேவைக்கு மேலேயே நாலு அடி அடித்தாள் என்று பக்கத்து மிஷின்காரம்மா பிறகு சொன்னாள். மச்சான் சாட்சிக்கு வந்திருந்தான், யாரும் கூப்பிடாமலே.

வரும் வழியெல்லாம் மனைவி ஒரே பாடம் நடத்தியிருந்தாள். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அவ்வளவுதான். அதை மட்டும் சொல்லுங்க."

"ஒண்ணும் தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?"

"உண்மைதானே, அப்படியே வரும்."

அதிகாரி நேராக விஷயத்துக்கு வந்தார். "நீங்க சொன்ன அகலமும் உயரமும் மில்லிமீட்டர்கூட தப்பாம இருக்கு. எப்படி?"

"சரியா இருக்கா?" டெராவின் முகம் கல்யாண வீட்டு விளக்கு மாதிரி எரிந்தது. மேசைக்கு அடியில் அவர் காலை யாரோ மிதித்தார்கள். அந்தச் செருப்பை அவருக்கு நன்றாகத் தெரியும்.

"ஆனா பின்னாடி எட்டுக் காற்றுத் துளைன்னு சொல்லிருக்கீங்க. ஒண்ணுகூடக் கிடையாது. அதுல விசிறியே இல்ல."

"விசிறி இல்லையா?" டெரா நிஜமாகவே துடித்துப் போனார். "அப்ப வெப்பம் எங்க மேடம் போகும்?"

"வெப்பமே ரொம்ப இல்ல. சின்னச் சிப்."

"இருக்க முடியாது மேடம். ஒரு கிலோ எடையில..."

"எடை அதுல பாதிகூட இல்ல."

"நீங்க எந்தப் பிரிவு மேடம்? ஒருவேளை உங்க இன்ஜினியர்கள் உங்ககிட்ட..."

செருப்பு இந்த முறை தாடைப் பக்கம் வரும் என்று தோன்றியது. முதலாளி, "சார் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவாரு" என்று தண்ணீரை நீட்டினார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "பாருங்க, எங்க வரைபடத்துல துளை கிடையாது. மாதிரியைப் பாத்தவர் யாரும் துளை இருக்குன்னு சொல்ல மாட்டார். ஆனா அளவு எப்படிச் சரியா வந்துச்சு? அது மட்டும் இடிக்குது. அதுக்கு ஒரு பதில் இல்லாம நான் இந்த ஆர்டரை இங்க விட்டுட்டுப் போக முடியாது."

பட்டறையில் தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லாரும் துணியை முறைத்துக்கொண்டு காதை மட்டும் மேசைக்கு அனுப்பினார்கள்.

அப்போது மச்சான் தொண்டையைச் செருமினான். "மேடம், நான் இவரோட கேமராமேன். ஒரு விஷயம் சொல்லலாமா?" அவன் போனை மேசையில் வைத்து வீடியோ வரிசையைத் தள்ளிக் காட்டினான். "இது போன வருஷம், ஒரு அளவு சொன்னாரு. இது அதுக்கு அடுத்த மாசம், வேற அளவு. இது பொங்கி எழுந்து 'உறுதியான தகவல்'னு சொன்னது, மூணாவது அளவு. அத்தான் சொல்லாத அளவே கிடையாது மேடம். சோப்பு டப்பாவுல ஆரம்பிச்சு ஜன்னல் கதவு வரைக்கும் வரிசையா வந்திருக்காரு. எங்கயாவது ஒண்ணு பட்டுத்தானே ஆகணும்?"

அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதன்முறையாக அந்த முகத்தில் ஏதோ அசைந்தது. "எல்லாத்துலயும் 'உறுதியான தகவல்'னு போட்டிருக்கே?"

"அது எங்க சேனலோட பழக்கம் மேடம்."

"இவர் சொல்றது சரியா?" அதிகாரி டெராவின் பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட ஆதாரம் ஏதாவது இருந்துச்சா, இல்ல வாய்க்கு வந்ததைச் சொன்னீங்களா?"

டெராவுக்குள் ஓர் ஆய்வாளன் எழுந்து நின்று வேட்டியை வரிந்து கட்டினான். அளந்தேன், எடை போட்டேன், தொட்டுப் பார்த்தேன் என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். வாழ்க்கையிலேயே முதல் முறையாகக் கையில் ஒரு பொருளை வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார். இதையா வாய்க்கு வந்தது என்பது?

பக்கத்தில் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த பெரிய கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மிரட்டுவதற்கு இல்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது மாதிரி, விழாமல் இருப்பதற்கு. கட்டைவிரல் அடியில் கத்தரிக்கோல் பதிந்து பதிந்து காய்த்துப்போன ஒரு மேடு இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கவனித்ததில்லை. அதில் டெராஃப்ளாப் ஏதும் இல்லையே.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்" என்றார்.

"சத்தமா."

"ஒண்ணுமே தெரியாது. வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன்."

"அலமாரி?"

"அலமாரியில என் சட்டை இருந்துச்சு." அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

"சரி. இதையே உங்க சேனல்ல சொல்லிடுங்க. இதுவரைக்கும் சொன்னது எல்லாம் கற்பனை, எந்த ஆதாரமும் கிடையாதுன்னு." அதிகாரி மடிக்கணினியை மூடினார். கிளம்பும்போது கட்டிங் மாஸ்டரின் தோளைத் தட்டி, "பாவம், வீட்டுல எப்படித்தான் சமாளிக்கிறீங்களோ" என்றார். மிஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கின. வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாகவே ஓடின.

அன்று மாலை டெரா கேமராவின் முன் உட்கார்ந்து தன் வாயாலேயே எல்லாவற்றையும் வாபஸ் வாங்கினார். மூன்று முறை எடுக்க வேண்டியிருந்தது. முதல் இரண்டு முறையும் "கற்பனை" என்ற சொல்லுக்கு முன்னால் "ஆதாரபூர்வமான" என்று வந்து விழுந்தது.

கன்சோல் வெளிவந்தது. துளை இல்லை, விசிறி இல்லை, காகிதம் மாதிரி லேசு. பெரிய மெஷினின் கால்வாசிச் சக்திகூட இல்லை. மனைவிக்குப் பட்டறையில் ஒன்று பரிசாகக் கிடைத்தது, அவள் வெட்டிய பையோடு. பை அப்படியொரு பொருத்தம். அவள் அன்றே பஸ்ஸில் ஆட ஆரம்பித்துவிட்டாள்.

மச்சான் கடையில் ஒன்றைப் பிரித்துப் பார்க்கும் நேரலை நடத்தினான். டெரா வீட்டுச் சோபாவில் போனை வைத்துக்கொண்டு பார்த்தார், பக்கத்தில் மனைவி கட்டம் அடுக்கிக்கொண்டிருக்க. மச்சான் திருகாணிகளைக் கழற்றினான். மூடியைத் தூக்கினான். பூதக்கண்ணாடியைச் சிப்பின் மேல் பிடித்தான்.

"நினைவகம் பாருங்க... இருபத்து நாலு ஜிபி."

டெரா சோபாவிலிருந்து எழுந்துவிட்டார். உலகத்தில் எல்லாரும் பன்னிரண்டு, பதினாறு என்றார்கள். இருபத்து நாலு என்று சொன்ன ஒரே மனிதர்! கருத்துப் பெட்டியிலும் யாரோ கேட்டார்கள்: 'டெரா அண்ணன் அன்னிக்கே சொன்னாரே?' உடனே நூறு பேர் பதில் போட்டார்கள்: 'அது கற்பனைன்னு அவரே ஒத்துக்கிட்டாரே.' கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக.

டெராவின் கட்டைவிரல் பதில் அடிக்கத் தட்டச்சுப் பலகையில் இறங்கியது. மனைவி தலையைத் தூக்கவில்லை. "என்னங்க" என்றாள் மெல்ல. "அடுத்த மாடலோட ஆர்டரும் எங்களுக்குத்தான் வந்திருக்கு."

அவர் உட்கார்ந்தார். போனைக் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் மதிய ஷிஃப்ட்டில் மணி அடித்தது. பல் டாக்டர்.

"டெரா சார், மாட்டிக்கிட்டேன். அது இருக்கட்டும். எனக்கு மட்டும் உண்மையச் சொல்லுங்க. அந்த இருபத்து நாலு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கேட்பதற்கு இதைவிட நல்ல ஆள் கிடையாது. எங்கேயும் ஓட முடியாது, யாரிடமும் உடனே போய்ச் சொல்லவும் முடியாது. டெரா சுற்றிலும் பார்த்துவிட்டுப் போனை நெருக்கிப் பிடித்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர். ஆள் கிளம்பியாச்சு, பத்தே நிமிஷம்."

போனை வைக்கப் போனவர் வைக்கவில்லை.

"டாக்டர், இப்ப எந்த மாடியில நிக்கிறீங்க?"